லீவு விட்டால் முட்டை கிடையாது

அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை, பள்ளி இருக்கிற நாளில் இரண்டு வேளை அங்கேயே சாப்பிட்டுவிடும். காலையில் உப்புமாவோ கிச்சடியோ, புதன்கிழமை என்றால் பொங்கல். மத்தியானம் கலந்த சாதம், ஒரு முட்டை. வீட்டில் ராத்திரி ஒரு வேளையைப் பார்த்துக்கொண்டால் போதும். டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவு விட்டார்களோ இல்லையோ, மறுநாளே அந்த இரண்டு வேளையும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மூன்று பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஒரு நாளைக்கு ஆறு தட்டு கூடுதல், வருமானம் மட்டும் அதே வருமானம், சொல்லப்போனால் அதைவிடக் குறைவு, ஏனென்றால் ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழி வரைக்கும் சென்னையில் தினக்கூலிக்காரர்களுக்குக் கெட்ட காலம். மழை பெய்தால் சென்ட்ரிங் வேலை நின்றுபோகும், வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்க முடியாது, பிளாட்பாரத்தில் கடை விரிக்க முடியாது.

நான் இருப்பது சென்னையின் தெற்கு ஓரத்தில். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்புகள். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களில் நிறையப் பேரை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். வீடு இங்கே வந்துவிட்டது, வேலை அங்கேயே தங்கிவிட்டது. மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா விடியற்காலையில் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். 2021 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனால் போகவர ஆகும் நேரத்தை எந்தத் திட்டமும் திருப்பித் தராது. பள்ளி நாளில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியில். லீவு நாளில் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வடித்து வைத்துவிட்டுப் போன சோறுதான் நாள் முழுக்க.

நாங்கள் சில பேர், பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள், சில வருஷமாக டிசம்பர் லீவில் இந்தப் பக்கம் மளிகைச் சாமானும் மத்தியானச் சாப்பாடும் ஏற்பாடு செய்கிறோம். கூடவே பிள்ளைகளை உட்கார வைத்து ஸ்டார், வாழ்த்து அட்டை என்று ஏதாவது செய்யவைக்கிறோம். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுப் பல பேர் மெசேஜ் அனுப்புகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இது.

முதலில் எல்லாரும் கேட்கிற கேள்வி. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் பணம் கேட்டுச் செய்தி போட்ட உடனே ஒரு சார் எழுதினார்: "தமிழ்நாட்டில் ஏது பட்டினி? ரேஷனில் அரிசி சும்மாதானே தருகிறார்கள்?" நியாயமான கேள்வி. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம்தான். அரிசி மட்டும் இல்லாமல் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இந்த ஏற்பாடு இல்லாத மாநிலத்தில் இதே குடும்பங்கள் எப்படி இருக்கும் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. ஆனால் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ பருப்பு மாதம் பூராவும் வராது. அரிசி இருக்கும், அதன் மேல் ஊற்ற ஒன்றும் இருக்காது. சில வீட்டில் பருப்பும் இருக்கும், சிலிண்டர் தீர்ந்திருக்கும், புது சிலிண்டருக்கு 800 ரூபாய்க்கு மேல் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். சோற்றைத் தண்ணீரில் போட்டு உப்புப் போட்டு இரண்டு நாள் ஓட்டுவார்கள். வயிறு நிறைந்துவிடும், பிள்ளை சோர்ந்து கிடக்கும். நம்மூர்ப் பசி பெரும்பாலும் இந்த மாதிரிப் பசி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்புறம் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து இன்னும் கார்டு பிரிக்காதவர்கள் இருக்கிறார்கள், கட்டட வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதை தனி.

அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2013லிருந்து இருக்கிறது, எத்தனையோ பேருக்கு அதுதான் காலைச் சாப்பாடு. ஆனால் அது பக்கத்தில் இருக்க வேண்டும், அம்மா வேலைக்குப் போன பிறகு பத்து வயதுப் பெண் தன் இரண்டு தம்பிகளையும் கையில் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டைத் தாண்டிப் போய் வர வேண்டும்.

பள்ளியில் சோறு போடுவது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. 1920லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது, காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிவைத்தார், 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்சியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த தட்டு அது. அந்தத் தட்டில் மீதி இருக்கிற ஒரே ஓட்டை லீவு. சத்துணவு வருஷத்துக்கு 220 நாள். மிச்சம் 145 நாள் கணக்கில் வராது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதாவது லீவு விட்டால் பசி லீவு போடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். வறட்சி என்று அரசிதழில் வராத வறட்சிக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

சரி, பைக்குள் என்ன வைப்பது? அரிசி வேண்டாம். உதவி என்றதும் எல்லாரும் முதலில் அரிசி மூட்டையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பருப்பு, கடலையெண்ணெய், புளி, மிளகாய்த்தூள், கொண்டைக்கடலை, வேர்க்கடலை, டீத்தூள், சர்க்கரை, சோப்பு, நாப்கின். முட்டை கண்டிப்பாக. தேதி முடியப்போகிற சேமியா பாக்கெட்டுகளையும் தீபாவளிக்கு வந்து யாரும் தொடாத ஸ்வீட் பாக்ஸையும் அன்போடு கொண்டுவந்து கொடுப்பவர்கள் உண்டு. வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனபிறகு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வோம்.

பிறகு பை கட்டுவதையே நிறுத்திவிட்டோம். அங்கேயே ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறது, முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு அங்கே கணக்கு நோட்டு. அவரிடம் பேசி, நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற டோக்கனுக்கு அவரவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தோம். இதில் ஒரு சிக்கல், டோக்கனோடு போனால் பழைய பாக்கியில் கழித்துக்கொள்வார்களோ என்று பயந்து சில பேர் போகவே இல்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாக்கி அது பாட்டுக்கு இருக்கட்டும்மா, அது எனக்கும் அவங்களுக்கும் உள்ளது, இதுல அதைக் கலக்க மாட்டேன்" என்றார். சொன்னபடி நடந்தும் கொண்டார். ஒரு அம்மா டோக்கனுக்குப் பருப்போடு ஒரு சின்ன பாட்டில் தேங்காயெண்ணெயும் சாம்பிராணியும் வாங்கினார். எங்கள் ஆட்களில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத்தானே தெரியும்.

போட்டோ எடுப்பதில்லை. பணம் கொடுத்தவர்களுக்குக் கடை பில்லைத்தான் அனுப்புகிறோம். கொடுப்பவர்கள் நாலு பேர், வாங்குகிறவர் ஒருவர், ஐந்து பேர் கையும் ஒரே பையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கேமராவைப் பார்க்கிற அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பையை வாங்கிய பெண்ணின் மகன் ஏழாம் வகுப்பு படிப்பான், அவன் வகுப்பில் யாராவது ஒருவன் கையிலாவது அந்தப் போட்டோ வந்து சேரும்.

கைவேலைக்கு வருகிறேன். இதற்கு எங்களுக்கு வெளியிலிருந்து ஒரு முன்மாதிரி இருந்தது. இங்கிலாந்திலும் இதே லீவுப் பிரச்சினை உண்டு. 2020இல் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட், பள்ளியில் இலவசச் சாப்பாடு சாப்பிடும் பிள்ளைகளுக்கு லீவிலும் சாப்பாடு வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். அக்டோபரில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்குப் போய் 261க்கு 322 என்று தோற்றது. நவம்பரில் அரசே இறங்கிவந்தது. அடுத்த வருஷத்திலிருந்து ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் லீவுகளில் இங்கிலாந்து முழுக்க நடக்கும் திட்டத்தின் பெயரிலேயே இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது, செயல்பாடும் உணவும். விளையாட்டு, ஓவியம், சமையல் என்று ஏதாவது செய்ய வருகிற பிள்ளைக்கு அங்கேயே சாப்பாடு. சோற்றுக்காக வந்த பிள்ளை என்று யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை, வருகிறவர்கள் எல்லாரும் பொம்மை செய்யத்தான் வருகிறார்கள், நடுவில் சாப்பிடுகிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நம்மூரில் அன்னதானத்துக்குக் குறைவே இல்லை, ஆனால் அன்னதான வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு வரிசையில் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நேரம் முக்கியம். பத்து மணிக்குக் கைவேலை, ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் சரிப்படாது, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் பதினொரு மணிக்கே கத்தரிக்கோலுக்குச் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள், நாம் சேட்டை என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருப்போம். வந்ததும் சுண்டலோ பொங்கலோ கையில் கொடுத்துவிட வேண்டும். மத்தியானம் சாம்பார் சாதம், முட்டை. முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள், வீட்டில் இருக்கிற தங்கைக்கு. கண்டுகொள்ளாமல் இரண்டு டிரே கூடுதலாக அவிப்பதுதான் நல்லது. "இங்கேயே சாப்பிடு" என்று பிடிவாதம் பிடிக்கிற தன்னார்வலரைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுங்கள்.

சாமான் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடையில் செட்டாக விற்கிற கிராஃப்ட் பெட்டி, கிளிட்டர், தெர்மாகோல் எதுவும் வேண்டாம். இங்கே செய்ததைப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குத் தேவையான சாமான் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். பழைய பேப்பர், தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சி, நூல், பசை. ஒரு செலவும் இல்லை, காத்தாடி பேப்பர் மட்டும் வாங்க வேண்டிவரும்.

பசைக்கு மைதா. இரண்டு கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி வரும், அப்போது இறக்கிவிட வேண்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். யாராவது அனுபவஸ்தர் வந்து "ஒரு சிட்டிகை போடுங்க, நாலு நாள் கெடாது" என்று சொல்வார், கேட்காதீர்கள். அது விஷம், சின்னப் பிள்ளைகள் விரலை வாயில் வைக்கத்தான் செய்வார்கள். பசை மறுநாள் புளித்துவிடும், புளித்தால் புதிதாகக் காய்ச்சிக்கொள்வது. முதல் தடவை காய்ச்சியபோது ஒரு பாட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தின்கிற மாவைக் காய்ச்சி ஒட்டுறீங்களேம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, மனசு கேட்காமல் சொன்னார். அதற்கப்புறம் வடித்த சோற்றில் அடிப்பிடித்ததை மசித்துத்தான் முடிந்தவரைக்கும் ஒட்டுகிறோம். மெல்லிய பேப்பருக்கு அதுவே போதும், பட்டம் ஒட்டின காலத்தில் நாமெல்லாம் அப்படித்தானே ஒட்டினோம்.

ஸ்டார் செய்வது இப்படி. செய்தித்தாளின் ஒரு தாளைப் பாதியாக்கி, ஒரு மூலையில் ஈர்க்குச்சியை வைத்து, மூலைக்கு மூலை இறுக்கமாக உருட்டி, கடைசி நுனியில் பசை தடவி ஒட்டினால் ஒரு குழல். ஈர்க்குச்சியை உருவிவிடலாம், குழல் நீளமாக வேண்டுமென்றால் உள்ளேயே விட்டுவிடலாம். இப்படி ஐந்து குழல், ஐந்தும் ஒரே நீளம். நுனியோடு நுனி நூலால் கட்டிக்கொண்டே போய், ஐந்தாவது குழல் முதல் குழலின் நுனிக்கு வந்து சேரும்போது ஸ்டார் வந்துவிடும். குழல்கள் ஒன்றையொன்று வெட்டுகிற இடங்களில் ஒன்று மேலே போனால் அடுத்த இடத்தில் கீழே போக வேண்டும், கூடை முடைகிற மாதிரி. மேல் கீழ் மாற்றிப் போட்ட ஸ்டார் கையில் எடுத்தால் விறைப்பாக நிற்கும், மாற்றாமல் போட்டது தொளதொளவென்று தொங்கும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது வார்த்தையில் ஏறாது, ஒரு தடவை ஆட்டிக் காட்டினால் போதும், தாங்களே பிரித்து மறுபடி பின்னுவார்கள். மேலே காத்தாடி பேப்பர் ஒட்டி வால் தொங்கவிட்டால் ஆயிற்று. உள்ளே பல்பு மாட்டுகிற யோசனையை ஆரம்பத்திலேயே கிள்ளிவிடுங்கள். பேப்பர், ஈரம், ஒழுகுகிற பால்கனி, ஒட்டுப்போட்ட ஒயர், நினைத்தாலே தூக்கம் வராது.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் செய்கிறார்களே, மற்ற மதத்துப் பிள்ளைகள் வருவார்களா என்று எங்களில் ஒருவர் தயங்கினார். பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கமே இல்லை. தர்கா தெருவில் இருக்கிற பெண் பச்சை ஸ்டார் செய்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு பையன் ஸ்டாருக்கு நாலு முழம் வால் ஒட்டி நூல் கட்டி மொட்டை மாடிக்கு ஓடிவிட்டான், அது பறக்கவே இல்லை, ஆனால் மத்தியானம் முழுக்கப் பத்துப் பேர் அதன் பின்னால் ஓடினார்கள். (சாதா நூல்தான். மாஞ்சா இல்லை.)

ஜனவரி பிறந்தால் பொங்கல் வாழ்த்து அட்டை. இதற்கு எங்கள் கண்டுபிடிப்பு கல்யாணப் பத்திரிகை. கெட்டி அட்டை, உள்பக்கமோ பின்பக்கமோ வெறுமையாக இருக்கும், ஓரத்தில் தங்கநிறக் கரை வேறு. கடையில் இந்தத் தரத்தில் அட்டை வாங்கினால் விலை எக்கச்சக்கம். எங்கள் தெருவிலேயே ஒரு வருஷத்துப் பத்திரிகைகள் இரண்டு சாக்கு சேர்ந்தன. சிக்கல் எங்கே வந்தது என்றால், எல்லாப் பத்திரிகையிலும் பிள்ளையார். கத்தரிக்கோல் பிள்ளையார்கிட்டே வந்ததும் பிள்ளைகள் நிறுத்திவிடுவார்கள். அவரைச் சுற்றி ஜாக்கிரதையாக வெட்டி எடுத்துத் தனியாக வைத்தார்கள். சாயங்காலம் பார்த்தால் ஒரு தாம்பாளம் நிறையப் பிள்ளையார், குப்பையில் போட யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் ஒரு பெண்தான், ஆறாம் வகுப்பு, எல்லாரையும் ஒரு பெரிய சார்ட்டில் வரிசையாக ஒட்டிப் படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டாள். வெற்றிலை போட்டுத் துப்புகிற சுவர் அது. இப்போது துப்புவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். பானையும் கரும்பும் வரைகிறவர்கள் பாதி. யாருக்கு அனுப்புகிறாய் என்று கேட்டால், முன்னால் இருந்த ஏரியாவில் பக்கத்து வீட்டில் இருந்த ஃபிரெண்டுக்கு என்று சில பேர் சொல்கிறார்கள். அந்த ஃபிரெண்டு இப்போது வேறு எங்கோ குடியமர்த்தப்பட்டிருப்பான், விலாசம் தெரியாது. அட்டையை வைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஊரில் ஆரம்பிக்க வேண்டும் என்றால் முதலில் பக்கத்துப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளரையோ சமையல் அம்மாவையோ போய்ப் பாருங்கள். கவுன்சிலரையும் சங்கத்துத் தலைவரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை இரண்டாம் தடவை சோறு கேட்கும், எந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலையில் கேட் திறக்கிறதுக்கு முன்னாலேயே வந்து நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குச் சொன்ன அம்மா, பெயர் எதுவும் எழுதிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னார். நாங்களும் எழுதவில்லை, குடியிருப்பின் எந்த பிளாக்கில் ஆரம்பிப்பது என்பதை மட்டும் வைத்து வேலையைத் தொடங்கினோம்.

அடுத்தது கோடை. இந்தப் பக்கம் மட்டும் போதாது என்று காசிமேட்டிலும் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, பள்ளிக்கூடமும் அதே நாட்களில்தான் பெரும்பாலும் லீவு. தடைக்கால நிவாரணமாக அரசு 8,000 ரூபாய் மீனவக் குடும்பங்களுக்குத் தருகிறது, ஆனால் ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், மீன் ஆய்ந்து கொடுக்கிற அம்மாக்கள் எல்லாருமே அந்தப் பட்டியலில் வந்துவிட மாட்டார்கள். அங்கே ஒரு மளிகைக்கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது, டோக்கன் முறைக்கு ஒத்துக்கொண்டார். பிள்ளைகள் உட்கார ஒரு கூடம் கிடைத்திருக்கிறது, ஃபேன் ஒன்றுதான் ஓடுகிறது. முட்டைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.